ஒரு இன்ச் எறக்கிப் புடி சார்!

மாங்காய் பறிக்கிற தொரட்டி பிடித்திருக்கிறீர்களா? பத்தடிக் கம்பு என்றால் பிரச்னை இல்லை. காம்பைப் பார்த்து, கொக்கியை மாட்டி, ஒரு இழுப்பு... மாங்காய் கீழே! அதே கம்போடு இன்னொரு கம்பைச் சேர்த்துக் கட்டி இருபதடி ஆக்கிப் பாருங்கள். உச்சாணிக் கிளைவரை எட்டும், சந்தேகமே இல்லை. ஆனால் கை துளி அசைந்தால் போதும், நுனி அரையடி ஆடும். காய்க்குக் குறிவைத்தால் காக்காய்க்கூடு விழும்.

கோல்ஃப் மட்டையின் நீளம் பற்றி நிபுணர்கள் பேசுகிற அத்தனை சமாசாரமும் இந்தத் தொரட்டிக்குள் அடக்கம். மீதியெல்லாம் கணக்கு. நான் பி.காம். ஆகவே கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

"கோல்ஃபா? அது பணக்காரங்க சமாசாரமாச்சே... நமக்கெதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நில்லுங்கள். முன்பெல்லாம் கோல்ஃப் என்றால் கம்பெனி சேர்மன்கள், ரிட்டயரான கர்னல்கள். இப்போது மேலதிகாரி வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோளில் கை போட்டு, "நாளைக்குக் காலையில டிரைவிங் ரேஞ்ச் வர்றியாப்பா?" என்று கேட்கிறார். மாட்டேன் என்று சொல்ல எந்த ஜூனியருக்குத் தைரியம் இருக்கிறது? போகிறான். நாலு தடவை காற்றை அடிக்கிறான். ஐந்தாவது தடவை 'டொக்'கென்று பட்டுப் பந்து 200 கஜம் பறக்கிறது. அவ்வளவுதான், பையன் காலி!

என் நண்பன் ஒருவன் அப்படித்தான் காலியானான். தனியார் வங்கியில் வேலை. பெயர் வேண்டாம், அவன் மனைவியும் இந்தப் பத்திரிகை படிக்கிறார். போனஸ் வந்த வாரமே கடைக்குப் போய், இருப்பதிலேயே நீளமான டிரைவர் மட்டையை வாங்கி வந்துவிட்டான். கடைக்காரர் சொன்ன காரணம்: "நீளம் ஜாஸ்தின்னா ஸ்பீடு ஜாஸ்தி சார். ஸ்பீடு ஜாஸ்தின்னா தூரம் ஜாஸ்தி." விலையும் ஜாஸ்தி என்பதை பில் சொன்னது. வீட்டில் அவன் சொன்ன விலை வேறு. அதனால்தான் பெயர் வேண்டாம் என்றேன்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பேரேட்டில் வரவுப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினார், அவ்வளவுதான். செலவுப் பக்கத்தை நாம்தான் புரட்ட வேண்டும்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் கீழே பந்தை அடிக்கிற தலை, மேலே ரப்பர் பிடி, நடுவில் ஷாஃப்ட் என்கிற மெல்லிய குழாய். முதல் அடி அடிக்கிற டிரைவர்தான் (கார் ஓட்டுபவர் இல்லை!) இருப்பதிலேயே நீளம். கடையில் விற்பது பெரும்பாலும் 45 இன்ச்சுக்கு மேல், 46-க்குள். ஏழாம் நம்பர் இரும்பு மட்டை 37 இன்ச் சுமாருக்கு இருக்கும். பந்தை உயரத் தூக்கிக் குழிக்குப் பக்கத்தில் பொத்தென்று போடுகிற வெட்ஜ் 35 சொச்சம். தூரம் போக வேண்டியது நீளம், குறி தவறக்கூடாதது குட்டை. பையைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

சரி, வரவுப் பக்கம். ராட்டினத்தில் உள்வட்டத்தில் உட்கார்ந்த குழந்தையைவிட வெளிவட்டத்துக் குழந்தைக்கு வேகம் அதிகம். இரண்டும் ஒரே நேரத்தில்தான் ஒரு சுற்று முடிக்கின்றன. ஆனால் வெளியே இருப்பது அதிக தூரம் ஓட வேண்டும். மட்டையும் அப்படியே. 45 இன்ச்சை 46 ஆக்கினால் தலையின் வேகம் கூடும். எவ்வளவு? மட்டையை மட்டும் கணக்கில் எடுத்தால் 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மட்டையோடு கையும் சேர்ந்துதானே சுற்றுகிறது? அதையும் சேர்த்தால் ஒன்றரை சதவீதம் பக்கம் வரும். மணிக்கு 100 மைல் வேகத்தில் சுழற்றுகிறவருக்கு அது நூற்றியொன்றரை ஆகும். ஒரு மைல் வேகத்துக்குச் சுமார் இரண்டரை கஜம் என்று கோல்ஃப்காரர்கள் வாய்க்கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆக ஒரு இன்ச்சுக்கு லாபம் சுமார் 4 கஜம்.

நாலே நாலு கஜம்! வேட்டி நீளம்.

அதுவும் காகிதத்தில்தான். நீளம் கூடினால் மட்டை சுற்றுவதற்குக் கனமாகிவிடும். டிரைவரின் தலை சுமார் 200 கிராம். அதைக் கையிலிருந்து தள்ளித் தள்ளிக் கொண்டுபோனால் கனம் அதேதான். ஆனால் சுற்றுவதற்கு வேண்டிய பலம் நீளத்தின் வர்க்கத்தில் ஏறும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம். அதனால் உங்கள் தோளும் மணிக்கட்டும் உங்களைக் கேட்காமலே கொஞ்சம் மெதுவாகச் சுற்றும். நாலு கஜத்தில் ஒரு பங்கு அங்கேயே கழிந்துவிடும்.

இப்போது செலவுப் பக்கம். இங்கேதான் ஆடிட்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மட்டை மேலிருந்து இறங்கிப் பந்தைத் தொடக் கால் செகண்ட் சுமார் ஆகிறது. பந்தும் மட்டையும் ஒட்டியிருக்கிற நேரம் ஒரு செகண்டில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்த அவகாசத்தில், தலையின் நட்டநடு இடம் பந்தில் பட வேண்டும். பட்டால், மட்டை வேகத்தைப் போல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேகத்தில் பந்து கிளம்பும். நடுவிலிருந்து ஓரமாகப் போகப்போக அந்த மடங்கு குறையும்.

என் நண்பனையே எடுத்துக்கொள்வோம். குட்டை மட்டையில் 100 மைல் வேகம், நடுவில் அடி, 1.48 மடங்கு. பந்து 148 மைலில் போகிறது. நீள மட்டையில் நூற்றியொன்றரை மைல். ஆனால் அடி ஓரத்தில் பட்டு 1.42 மடங்குதான் என்றால் பந்து 144 மைல். நாலு மைல் நஷ்டம், தூரத்தில் சுமார் 8 கஜம். நீளமான மட்டை வாங்கிப் பந்து கிட்டே விழுகிறது! நாலு கஜம் வரவுக்கு எட்டு கஜம் செலவு. எந்த வங்கி அதிகாரியாவது இந்த பேலன்ஸ் ஷீட்டில் கையெழுத்துப் போடுவானா? போனஸ் பணம் என்றால் போடுகிறான்.

திசை இன்னும் மோசம். மட்டையின் முகம் 1 டிகிரி திரும்பினால் 220 கஜத்தில் பந்து கிட்டத்தட்ட 4 கஜம் விலகும். மூன்று டிகிரி என்றால் பதினொன்றரை கஜம். அதுவும் நேர்கோட்டுக் கணக்கு. பந்து பம்பரம் மாதிரி சாய்ந்து சுழன்று வளைய ஆரம்பித்தால், அது புதருக்குள் போகிறதா, குளத்துக்குள் போகிறதா என்பது மட்டும்தான் கேள்வி. நீளமான மட்டையில் கைக்கும் தலைக்கும் நடுவே தூரம் அதிகம். குழாய் வளைவதும் அதிகம். முகத்தை நேராகத் திருப்பிக் கொண்டுவருவது அந்த அளவுக்குச் சிரமம்.

இதையெல்லாம் கணக்குப் போடாமலே தெரிந்துவைத்திருந்தார் ஒரு கேடி. (ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமந்து யோசனையும் சொல்பவர். நம் ஊர் சினிமாக் கேடி இல்லை.) சென்னையில் ஒரு பயிற்சி மைதானம். அறுபது வயசு இருக்கும், காக்கித் தொப்பி. நண்பன் ஏழெட்டுப் பந்துகளை எட்டுத் திசைக்கும் அனுப்பியதைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்து மட்டையின் முகம் முழுக்கத் தேய்த்தார்.

"இப்ப அடி சார்."

பத்துப் பந்து அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் சாக்பீஸ் பூச்சில் ஒரு தடம். பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி மேலே, கீழே, மூக்கில், குதிகாலில். நடுவில் மட்டும் எதுவும் இல்லை!

"ஸ்டிக்கு மேல தப்பில்ல சார். ஒனக்குப் பெரிசு. ஒரு இன்ச் எறக்கிப் புடி சார்."

"இறக்கிப் பிடிச்சா தூரம் குறையுமேப்பா?"

"நீ புடி சார், அப்பால பேசு."

இறக்கிப் பிடித்தான். மறுபடி சாக்பீஸ், மறுபடி பத்துப் பந்து. இந்தத் தடவை ஏழு தடம் நடுவில் எட்டணா அகலத்துக்குள் கூடி நின்றன. தூரம்? குறையவே இல்லை. முன்னால் போய் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தவன், வெகுநேரம் மட்டையைப் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். கேடி பீடி பற்றவைக்கப் போய்விட்டார்.

அப்புறம் எதற்கு மட்டைகளை இவ்வளவு நீளமாகச் செய்கிறார்கள்? காரணம் இருக்கிறது. ஆதியில் ஷாஃப்ட் ஹிக்கரி மரம். அமெரிக்க கோல்ஃப் சங்கம் எஃகுக் குழாயை அனுமதித்தது 1924-ல். பிரிட்டிஷ்காரர்கள் 1929 வரை யோசித்தார்கள். எஃகு ஷாஃப்ட், மரத்தலை காலத்தில் டிரைவர் 43 இன்ச் சுமார்தான். 1970-களில் கிராஃபைட் வந்தது. எஃகுக் குழாயைவிட எடை குறைந்தது. 1990-களில் டைட்டானியம் தலை. எடை குறையக் குறைய நீட்டுவது சுலபமாயிற்று. நீட்டினால் விளம்பரத்தில் 'அதிக தூரம்' என்று போடலாம். 'அதிக நேர்' என்று போட்டால் யார் வாங்குவார்கள்?

இன்னொரு மனித சுபாவமும் இதில் இருக்கிறது. கடையிலே வலைக்குள் பத்துப் பந்து அடிக்கிறோம். ஒன்பது கோணல், ஒன்று மட்டும் ராக்கெட். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நமக்கு ஞாபகத்தில் இருப்பது அந்த ஒன்றுதான். தூரம் அடிக்கிற போட்டி என்றே தனியாக இருக்கிறது. அங்கே வரிசையாகப் பல பந்துகள் அடிக்கலாம். எல்லைக்குள் விழுந்ததில் நீளமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் 48 இன்ச் மட்டை வைத்திருப்பது நியாயம். நிஜ ஆட்டத்தில் முதல் பந்து புதருக்குள் போனால், போனதுதான்.

இந்தக் கணக்கையெல்லாம் பொய்யாக்கியவர் ஒருத்தர் உண்டு. ஃபில் மிக்கல்சன். 2021 மே மாதம், அமெரிக்காவின் கியாவா தீவில் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப். மிக்கல்சனுக்கு அப்போது 50 வயசு. கையில் 47.9 இன்ச் டிரைவர். விதி அனுமதித்த உச்ச அளவு 48. ஜெயித்தார்! கோல்ஃபின் பெரிய நாலு பட்டங்களில் ஒன்றை ஜெயித்தவர்களிலேயே அதிக வயசானவர் ஆனார். உலகத்தில் உள்ள நடுத்தர வயசுக்காரர்கள் எல்லாம் தொப்பையைத் தடவிக்கொண்டு மட்டைக் கடைக்குக் கிளம்பியிருப்பார்கள்.

ஆட்சி செய்பவர்கள் சும்மா இருப்பார்களா? அதே வருஷம் அக்டோபரில் அமெரிக்க சங்கமும், ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ-வும் ஓர் உத்தரவு போட்டன. பொது விதியில் 48 இன்ச் அப்படியே இருக்கும். ஆனால் தொழில்முறைப் போட்டி நடத்துகிறவர்கள் விரும்பினால் 46 இன்ச் என்று வரம்பு கட்டலாம். 2022 ஜனவரி முதல் அமல். பெரிய போட்டிகள் ஏற்றுக்கொண்டன. மிக்கல்சன் பகிரங்கமாகத் திட்டினார். இதில் வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலான தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இந்த விதியால் எந்த நஷ்டமும் இல்லை. அவர்கள் டிரைவர் ஏற்கெனவே 45 இன்ச் பக்கம்தான். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பந்தடித்துப் பிழைப்பு நடத்துகிறவர்கள், கடையில் நமக்கு விற்பதைவிடக் குட்டையானதை வைத்துக்கொள்கிறார்கள்! இந்த ஒரு தகவலை என் நண்பனிடம் கடைக்காரர் சொல்லியிருந்தால் வியாபாரம் நடந்திருக்காது.

டைகர் உட்ஸ் 1997-ல் தம் 21-வது வயசில் மாஸ்டர்ஸ் பட்டத்தை 12 அடி வித்தியாசத்தில் ஜெயித்தபோது வைத்திருந்தது 43.5 இன்ச் டிரைவர், எஃகு ஷாஃப்ட். அன்றைக்கு அவரைவிட தூரம் அடிக்க ஆளில்லை என்று மற்றவர்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷம் கழித்து, 2017-ல் ரிக்கி ஃபௌலர் வலியப் போய்த் தம் டிரைவரை அதே 43.5-க்குக் குறைத்துக்கொண்டார்.

பிரைசன் டிஷாம்போ என்று இன்னொருவர். இயற்பியல் மாணவர். இரும்பு மட்டைகள் நம்பருக்கு நம்பர் அரை இன்ச் மாறுவது எதற்கு என்று கேட்டு, எல்லாவற்றையும் ஒரே நீளமாக, 37.5 இன்ச்சில் செய்துகொண்டார். ஒரே நிற்கும் நிலை, ஒரே சுழற்சி. தூரத்தை மாற்றுவது மட்டை முகத்தின் சாய்வு மட்டும். சிரித்தார்கள். 2015-ல் அமெரிக்க அமெச்சூர் பட்டம், 2020-லும் 2024-லும் யு.எஸ். ஓப்பன் பட்டம். சிரிப்பு நின்றது. இதே மனிதருக்கு 2020 கடைசியில் தூர ஆசை பிடித்து 48 இன்ச் டிரைவரைச் சோதித்துப் பார்த்தார். அந்த நவம்பர் மாஸ்டர்ஸுக்கு அதோடு வருவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தார்; 48 இன்ச் வரவில்லை. இயற்பியல் படித்தவருக்கும் தொரட்டி தொரட்டிதான்.

கிரிக்கெட் பார்ட்டிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் ஓர் உதாரணம் உண்டு. 2010 ஐ.பி.எல்.லில் நம்ம சென்னை சூப்பர் கிங்ஸின் மாத்யூ ஹேடன் 'மங்கூஸ்' என்று ஒரு பேட்டோடு டெல்லியில் இறங்கினாரே... கைப்பிடி நீளம், அடிக்கிற பலகை குட்டை. 43 பந்தில் 93! நீளப் பிடி தந்த வேகம் அது. ஆனால் நெஞ்சுக்கு எழும்புகிற பந்தைத் தடுக்கப் பலகை எங்கே? அப்புறம் அந்த பேட் எங்கே போயிற்று என்று யாருக்காவது தெரியுமா?

தூரம் இல்லாமல் என்ன செய்ய முடியும் என்பதற்கு பெங்களூரு பெண் அதிதி அசோக்கைச் சொல்லலாம். நீண்ட தூரம் அடிப்பவர் என்ற பெயர் அவருக்கு ஒருநாளும் இல்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கிய நெல்லி கோர்டாவுக்கு 17 அடி மிச்சம், அதிதிக்கு 15. ஒரே ஓர் அடியில் பதக்க வாய்ப்பு நழுவி நாலாமிடம். அந்த வாரம் இந்தியாவே விடியற்காலையில் எழுந்து, விதிகூடத் தெரியாமல் கோல்ஃப் பார்த்தது.

நீளமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆறடி நாலங்குல ஆசாமி குட்டை மட்டையோடு கூன் போட்டு நிற்பதும் அவஸ்தைதான். ஆனால் உயரத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. உயரமானவருக்குக் கையும் நீளமாக இருந்தால் கணக்கு சரியாகிவிடும். அதனால்தான் மட்டை பொருத்துகிறவர்கள் ஷூவோடு நிற்கவைத்து, மணிக்கட்டிலிருந்து தரைவரை அளக்கிறார்கள். நிதானமாகச் சுழற்றி, பத்துக்கு எட்டு நடுவில் படுகிறவராக இருந்தால் கூடுதல் அரை இன்ச் உங்களுக்கு நிஜமாகவே லாபம். வாங்குங்கள். பட்டர் என்கிற, பந்தை உருட்டுகிற மட்டையிலோ கதையே தலைகீழ்; துடைப்பக்கட்டை நீளத்தில் இருந்தால் சிலருக்குக் கை நடுக்கம் நிற்கிறது. 46, 48 வரம்பெல்லாம் அதற்குக் கிடையாது. மார்பிலோ வயிற்றிலோ முட்டுக்கொடுத்து அடிக்கத்தான் 2016-லிருந்து தடை.

ஏற்கெனவே வாங்கித் தொலைத்தவர்களுக்கு: முதலில் அளந்து பாருங்கள். மட்டையைப் பந்தடிக்கிற நிலையில் தரையில் வைத்து, குதிகால் பக்கம் தரைக்கு 60 டிகிரி சாய்வாக ஓர் அட்டையை முட்டக்கொடுத்தால், அட்டையும் தரையும் சேருகிற புள்ளியிலிருந்து பிடியின் உச்சிவரை. அதுதான் விதிப்படி நீளம். பிறகு ஒரு மாசம் கையை ஒரு இன்ச் இறக்கிப் பிடித்து ஆடுங்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை. பிடித்துப்போனால் மட்டை வேலை தெரிந்தவரிடம் கொடுத்து வெட்டிக்கொள்ளலாம். பிடிப் பக்கம்தான் வெட்ட வேண்டும்; தலைப் பக்கம் வெட்டினால் குழாய் விறைத்துப்போகும். பிடி ரப்பரும் புதிசு போட வேண்டியிருக்கும். அரை இன்ச் குறைந்தாலே தலை இருப்பது தெரியாத மாதிரி மட்டை லேசாகத் தோன்றும். பயப்பட வேண்டாம். தலைக்குப் பின்பக்கம் ஆறு கிராம் சுமாருக்கு ஈய டேப் ஒட்டினால் பழைய கனம் திரும்பிவிடும். ஒத்துவரவில்லையென்றால் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி ஒட்டலாம்.

டேப்பின் விலையை வீட்டில் தாராளமாக உள்ளபடியே சொல்லலாம்.